வாடகை இல்லாத குடித்தனம்!

கொல்லைப்புறத்துக்கு வரும் சித்திரை விருந்தாளிகள்

சித்திரை மாதம். காலை நேரம். மோரில் போட நாலு எலுமிச்சை இலை பறிக்கலாம் என்று பாட்டி கொல்லைக்குப் போகிறாள். கிணற்றடியில் இடுப்பு உயரத்துக்கு ஓர் எலுமிச்சைச் செடி. ஒரு கிளையை வளைக்கிறாள்.

"டுவிட்! டுவிட்! டுவிட்!"

ஒரே கூச்சல்! கைக்குள் அடங்கிவிடும் குருவி ஒன்று, வாலைத் தூக்கிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவித் தாவிக் கத்துகிறது.

பாட்டி குனிந்து பார்க்கிறாள். இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இல்லை, ஒட்டிக்கொள்ளவில்லை. தைத்திருக்கிறது! இலைகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை. மெத்தையின்மேல் மூன்று சின்ன முட்டைகள்.

பின்னால் வந்த பேரன் ஆசையோடு கையை நீட்டுகிறான். "டேய், தொடாதே! அது பிள்ளை பெற்ற வீடு!" என்று பாட்டி அவன் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

அன்றைக்கு மோரில் எலுமிச்சை இலை இல்லை.

செடியும் மரமும் உள்ள எந்த வீட்டிலும் இந்தக் காட்சியைக் காணலாம். பங்குனி பிறந்தால் பறவைகளுக்கு வீடு கட்டும் நினைப்பு வந்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் வேலை மும்முரம். சில பறவைகள் மழைக்காலம் வரைகூடக் குடித்தனம் நடத்தும். காட்டுக்குப் போய்த்தான் பறவையின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் போதும்!

ஊசி இல்லாத தையல்காரர்

எலுமிச்சைச் செடியில் குடியேறிய குருவிக்குத் தையல்சிட்டு என்று பெயர். உடம்பின் மேல்பக்கம் பச்சை. நெற்றியில் செம்பழுப்பு நிறம். எடை பத்து கிராமுக்கு மேல் போகாது.

இதற்கு ஊசி எது? அதன் அலகுதான்! நூல் எது? பஞ்சு, நார், சிலந்தி வலை இவைதான்.

முதலில் அகலமான இலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. இலையின் இரு ஓரங்களிலும் அலகால் துளை போடுகிறது. நூலைத் துளையில் நுழைத்து இழுக்கிறது. முடிச்சுப் போடுவதில்லை. நூலின் நுனி பிசிராக விரிந்து துளையில் சிக்கிக்கொள்கிறது. இப்படித் தையல் போட்டதும் இலை ஒரு பை ஆகிவிடுகிறது. பெரும்பாலும் பெண் குருவிதான் தைக்கிறது.

இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. குருவி இலையைக் கிள்ளுவதில்லை. செடியில் இருக்கும்போதே தைக்கிறது. அதனால் இலை வாடாமல் பச்சையாகவே இருக்கும். பக்கத்தில் போனாலும் கூடு கண்ணுக்குத் தெரியாது!

முட்டை பொரிக்கச் சுமார் 12 நாள். குஞ்சு பறக்கச் சுமார் இரண்டு வாரம். ஆக, ஒரு மாதத்துக்கும் குறைவான குடித்தனம். அந்த நாட்களில் தாயும் தந்தையும் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை புழு பூச்சிகளைப் பிடித்து வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. செடியைத் தின்னும் புழுக்களும் அவற்றில் அடக்கம். வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல வாடகை கிடைக்குமா?

குப்பை அல்ல, தொட்டில்!

துணி உலர்த்தும் கொடியில் சில சமயம் குப்பை போல ஏதோ தொங்கும். அவசரப்பட்டு அதைப் பிய்த்து எறிந்துவிடக் கூடாது. அது தேன்சிட்டின் மாளிகையாக இருக்கலாம்!

நாரையும் மரப்பட்டைத் துணுக்கையும் சிலந்தி வலையால் பிணைத்து, பை போல் ஒரு கூட்டைத் தொங்கவிடுகிறது பெண் தேன்சிட்டு. வெளிப்புறத்தில் பட்டைத் தூளையும் புழுவின் எச்சத்தையும் ஒட்டிவைக்கிறது. பார்ப்பவர்கள் குப்பை என்று எண்ணிப் போய்விட வேண்டும் அல்லவா? பக்கவாட்டில் ஒரு வாசல். வாசலுக்கு மேலே, வெயிலும் மழையும் படாமல் ஒரு சின்னத் தாழ்வாரம்!

பெரும்பாலும் இரண்டு முட்டைகள். அடைகாக்கும்போது தாய் வாசல் வழியாக அலகை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தேன் குடிக்கும் பறவைதான். ஆனாலும் குஞ்சுகளுக்குப் பூச்சியையும் சிலந்தியையும் தேடிக் கொண்டுவருகிறது.

கொண்டைக்காரச் சின்னான்

தலை கறுப்பு. தலையில் சிறு கொண்டை. வாலடியில் குங்குமச் சிவப்பு. இதுதான் கொண்டைக்குருவி. சின்னான் என்றும் சொல்வார்கள்.

இதற்கு மனிதரிடம் அவ்வளவாகப் பயம் இல்லை. செம்பருத்திப் புதர், மல்லிகைப் பந்தல், சில வீடுகளில் திண்ணை விளக்கின் மேல்கூடக் கிண்ணம் போலக் கூடு கட்டும். இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். அடைகாப்பு சுமார் இரண்டு வாரம்.

கூடு தாழ்வாக இருப்பதால் ஆபத்து அதிகம். காகம், பூனை, ஓணான், அணில், பாம்பு என்று பகைவர் பலர். முட்டையிட்ட கூடுகள் எல்லாம் குஞ்சு பறந்த கூடுகள் ஆகிவிடுவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு கூடும் முக்கியம்.

ஏமாந்த காகம்

வேம்பின் உச்சியில் காகம் கூடு கட்டுகிறது. அதே நேரத்தில்தான் குயிலும் கூவத் தொடங்குகிறது. இதற்குக் காரணம் உண்டு.

குயிலுக்குச் சொந்த வீடு கிடையாது. கரிய ஆண் குயில் கூட்டின் அருகே போய்க் காகத்தைச் சீண்டும். காகம் சினந்து துரத்தும். அந்தச் சமயம் பார்த்து, புள்ளி போட்ட பெண் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிடும்! குயில் குஞ்சு காகத்தின் குஞ்சுக்கு முன்பே பொரிந்து, இரை கேட்டு வாயைத் திறக்கும். காகமும் தன் பிள்ளை என்றே வளர்க்கும்.

இன்னொரு செய்தி. "குக்கூ" என்று இனிமையாகப் பாடுவது பெண் குயில் என்று பலர் எண்ணுகிறார்கள். அல்ல! பாடுவது ஆண் குயில்தான்.

ஓடு போயிற்று, குருவி எங்கே?

முன்பெல்லாம் ஓட்டு வீட்டின் இடுக்கிலும், உத்தரத்தின் மேலும், சுவரில் மாட்டிய படத்தின் பின்னாலும் சிட்டுக்குருவி வைக்கோலைத் திணித்துக்கொண்டே இருக்கும். கூட்டி அள்ளி அலுத்தாலும், அதை விரட்ட யாருக்கும் மனம் வராது. முற்றத்தில் அரிசி புடைத்தால் நொய் பொறுக்க வந்துவிடும்.

இன்று வீடுகள் மாறிவிட்டன. சிமெண்டுச் சுவரில் பொந்து இல்லை. அரிசி கடையிலிருந்து சுத்தமாகப் பையில் வருகிறது. மண் முற்றமும் குறைந்துவிட்டது. குருவி தானியம் தின்னும் பறவைதான். ஆனால் அதன் குஞ்சுக்குப் பூச்சிதான் உணவு. செடி இல்லாத இடத்தில் பூச்சிக்கு எங்கே போவது?

செல்போன் கோபுரங்கள்தான் குருவியைக் கொன்றன என்று சொல்வது வழக்கம். அது நிரூபிக்கப்படவில்லை. 2020-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்றது. ஆனால் சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் அது கூறியது. 2010 முதல் மார்ச் 20-ம் தேதி உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

குருவிக்கு வீடு கொடுப்பது கடினம் அல்ல. ஒரு மரப்பெட்டி போதும். ஒன்றேகால் அங்குல அகலத்தில் ஒரு துளை. ஆள் உயரத்துக்கு மேலே, வெயில் சுடாத, பூனை ஏறாத சுவரில் மாட்டிவிட்டால், குருவி தானே வந்து பார்த்துக்கொள்ளும்.

இருளில் இருந்த ஊர்

சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஒரு சிற்றூர். 2020-ம் ஆண்டில் அங்கே ஓர் அதிசயம் நடந்தது.

தெருவிளக்குகளைப் போடும் ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. ஓர் இளைஞர் அதைக் கண்டார். பெட்டியில் கை வைத்தால் குருவி பறந்துவிடும். கை வைக்காவிட்டால் தெருவுக்கு விளக்கு இல்லை. என்ன செய்வது?

ஊரார் கூடிப் பேசினார்கள். "குஞ்சு பறக்கட்டும். அதுவரை விளக்கு வேண்டாம்!" என்று முடிவாயிற்று.

ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஊரின் தெருவிளக்குகள் எரியவில்லை. மக்கள் இருட்டிலேயே நடந்தார்கள். குஞ்சுகள் பொரிந்தன, வளர்ந்தன.

ஓர் ஊரே ஒரு மாதம் இருட்டைப் பொறுத்துக்கொண்டது. ஒரு வீடு, ஒரு கிளையை வெட்டாமல் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள முடியாதா?

வீட்டுக்காரர் கவனத்துக்கு

வேலியை வெட்டுமுன், மரத்தைக் கழிக்குமுன், உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அரிவாளை ஒதுக்கி வைக்கலாம்.

கூட்டை அடிக்கடி எட்டிப் பார்க்கக் கூடாது. மனிதர் நிற்பதைக் கண்டு காகமும் அங்கே வந்து நோட்டம் பார்க்கும். கூடு கட்டும்போதும் அடைகாக்கும்போதும் தொந்தரவு செய்தால், தாய் கூட்டையே விட்டுவிடக்கூடும்.

இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், மெல்ல எடுத்துக் கூட்டில் வைத்துவிடலாம். "மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது" என்பது வெறும் பேச்சு. இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தித் திரிந்தால், அது பறக்கப் பழகுகிறது என்று பொருள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையை மட்டும் விரட்டினால் போதும்.

குஞ்சுக்குப் பால் கொடுக்கவே கூடாது. பால் பறவைக்கு ஒத்துக்கொள்ளாது. வாயில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து, மூச்சுக்குழலில் போய்விடும்.

செடிக்குப் பூச்சிமருந்து அடித்தால் குஞ்சின் சோற்றில் மண்ணைப் போட்டதாகும். கோடையில் ஒரு மண்சட்டியில் ஆழமில்லாமல் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றினால் பெரிய புண்ணியம்.

விளையாட்டுக்காகக்கூட முட்டையை எடுப்பதோ கூட்டைக் கலைப்பதோ கூடாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அந்தச் சட்டம் காக்கும் பறவைகளுக்கு அப்படிச் செய்வது குற்றம்.

நாலு வாரத்துக்குப் பிறகு...

எலுமிச்சைச் செடி என்ன ஆயிற்று?

பேரன் தினமும் திண்ணையில் உட்கார்ந்து தூரத்திலிருந்தே பார்க்கிறான். ஒருநாள் கீச்சுக் குரல் கேட்கிறது. சில நாட்களில் இலைப் பையின் விளிம்பில் மூன்று வாய்கள் தெரிகின்றன. வைகாசியில் ஒரு காலை, முதல் குஞ்சு கிளையில் வந்து உட்காருகிறது. அடுத்தது, அதற்கு அடுத்தது! மாலைக்குள் கூடு காலி.

"எல்லாம் போய்விட்டதே, பாட்டி!" என்கிறான் பையன். குரலில் வருத்தம்.

"போனால் என்னடா? வழி தெரிந்துகொண்டதல்லவா, மறுபடியும் வரும்" என்கிறாள் பாட்டி. நாலு எலுமிச்சை இலையைக் கிள்ளுகிறாள். தைத்த இலைகளை மட்டும் செடியிலேயே விட்டுவிடுகிறாள்.