அக்கி ஆறிய பின்னும்

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் இருக்கன்குடி. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று கரிசல் காட்டு ஊர்கள் பலவும் இங்குள்ள மாரியம்மன் கோயிலில் திரளும். அம்மை கண்டவர்க்காகவும் கண்ணோய் உற்றவர்க்காகவும் நேர்ந்துகொள்வோர் பலர். இவ்விரு நோய்களுக்கும் இடையே ஓர் உறவு உண்டு.

பெரியம்மை 1975ஆம் ஆண்டோடு இந்தியாவை விட்டு நீங்கியது, சின்னம்மை நீங்கவில்லை. கொப்புளம் உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பின்னும் அதன் வைரசு உடலைவிட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டியும் மண்டைக்குள்ளும் உள்ள நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குன்றும்போதோ அது விழித்தெழுந்து, நரம்பொன்றின் வழியே தோலுக்கு வருகிறது. அதுவே அக்கி. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் எழுவது இதனால்தான். இவ்விளக்கத்தை 1965இல் தம் நோயாளர் குறிப்புகளைக் கொண்டு நிலைநாட்டியவர் ஹோப்-சிம்ப்சன் என்னும் ஆங்கிலேய மருத்துவர். சிற்றூர்ப் பகுதியில் பொதுமருத்துவம் பார்த்தவர்.

கொப்புளம் ஆறியும் சிலருக்குத் திங்கள் கணக்கில் எரிச்சல் தொடர்வது ஏன்? வைரசு நரம்பிழைகளைச் சிதைப்பது ஒரு காரணம். மற்றொன்று நுட்பமானது. நரம்பு முடிச்சில் ஒவ்வொரு நரம்பணுவையும் துணையணுக்கள் உறைபோலச் சூழ்ந்துள்ளன. நரம்பணு துடிக்கும்போது வெளியேறும் பொட்டாசியத்தை உறிஞ்சி அதனை அமைதிப்படுத்துவது அவற்றின் பணிகளுள் ஒன்று. வைரசை எதிர்க்கத் திரளும் வெள்ளையணுக்கள், இன்டர்லூக்கின் முதலிய அழற்சித் தூது மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. தூது பெற்ற துணையணுக்கள் தாமும் அவற்றைச் சுரக்கத் தொடங்குகின்றன. திருடனைக் கண்டு காவலர் எழுப்பிய கூச்சலைத் தெருவே ஏற்றுக் கூவுவது போன்றது இது. அழற்சியுற்ற துணையணுக்களில் பொட்டாசியம் புகும் வாயில்கள் குறைவதும், அவ்வணுக்களிடையே இணைப்புகள் பெருகுவதும் விலங்காய்வுகளில் காணப்பட்டுள்ளன. பொட்டாசியம் வெளியே தேங்கினால் நரம்பணு சிறு தூண்டலுக்கும் துடிக்கும். தோளில் துண்டு உரசினாலும் தீப்பட்டதுபோல் எரியும்.

குயவரிடம் சென்று காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர்களின் பழவழக்கம். காவி தோலின்மேல் நிற்கும். நரம்பு முடிச்சை எட்டாது. எழுதிக் காத்திருக்கும் நாள்கள் மருந்துக்குரிய நாள்களைத் தின்றுவிடுவதே வருந்தத்தக்கது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்திற்குள் அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்கினால் வைரசின் பெருக்கம் தடைபடும். புண்ணும் விரைந்து ஆறும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் எழும் அக்கி கண்ணையும் தாக்கக்கூடும். அந்நிலையில் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும்.