நாலுகால் உறவு – 7: குட்டிக்கு முன் தாயைப் பாருங்கள்

இலங்கைத்துறை முகத்துவாரத்திலிருந்து புல்மோட்டை வரை நீளும் எங்கள் கரையில், இப்போது பலர் நாய்க்குட்டியைக் கைத்தொலைபேசியில் படம் பார்த்தே பேசி முடிக்கிறார்கள். காசு வங்கிக்குப் போகிறது. குட்டி எங்கோ ஓர் ஊரிலிருந்து பெட்டிக்குள் வருகிறது. அதன் தாய் எங்கே கிடக்கிறாள், இது எத்தனையாவது ஈற்று என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் அந்தத் தாயைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தை, லூசி என்ற பெட்டை நாயின் பெயரால் அழைக்கிறார்கள். வேல்ஸில் ஒரு நாய்க்குட்டிப் பண்ணையில் ஈன்று ஈன்றே உடல் உருக்குலைந்தவள் அவள். 2013இல் மீட்டார்கள், 2016இல் இறந்துபோனாள். அந்தச் சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைத் தரகர் விற்க முடியாது. வளர்ப்பவரே, பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். நம் இலங்கையில் 1907இல் எழுதிய மிருகவதைக் கட்டளைச் சட்டம் விதித்த அதிகபட்சத் தண்டம் நூறு ரூபாய். ஆகவே இங்கே வாங்குபவர்தான் கேள்வி கேட்டாக வேண்டும்.

நேரில் போங்கள். “தாய் சொந்தக்காரர் வீட்டில நிக்குது” என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். தாய் நின்றால், அவள் ஆட்களைக் கண்டு ஒடுங்குகிறாளா, விலா எலும்பு தெரிகிறதா, படுக்கும் இடம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கெனல் சங்கப் பத்திரம் பெற்றோரின் பெயரைச் சொல்லும்; அவர்களின் உடல்நலத்தைச் சொல்லாது. ஜேர்மன் ஷெப்பர்ட் என்றால் தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்க வேண்டும். நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேட்பார்: வளவுக்கு வேலி உண்டா, பகலில் வீட்டில் யார் நிற்பார்கள், வளர்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பித் தருவீர்களா என்று. அப்படிக் கேட்பவரிடம் வாங்குங்கள்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கக் கூடாது. கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் நோகும் என்று அது படிக்கிறது. ஐந்து வாரக் குட்டிக்கு “ஊசி எல்லாம் போட்டாச்சு” என்பவரை நம்பவே வேண்டாம். பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டியது.

பார்வோவின் கொடுமை அது ஒளிந்து வருவதில் இருக்கிறது. தொற்றிய குட்டி பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் வரை துள்ளி விளையாடும். பிறகு வாந்தி, இரத்த வயிற்றோட்டம். விற்றவர் “என்னட்ட நல்லாத்தானே நிண்டது” என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். குட்டி செத்துப்போனால், பிள்ளைகள் அழுகிறார்களே என்று அடுத்த வாரமே இன்னொரு குட்டியை அதே வளவில் விடுகிறார்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இரண்டாவது குட்டியும் போய்விடும். தடுப்பூசி முழுமையாகாத குட்டியை அந்த வளவுக்குள் கொண்டுவராதீர்கள்.

இனத்தையும் யோசிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட் உட்பட 11 வெளிநாட்டு இனங்களை அங்கே பெருக்கக் கூடாது என்றது. அங்குள்ள வெயில் அவற்றுக்கு ஆகாது. நாய் மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. கச்சான் காற்று அனலாய் வீசும் திருமலை மதியத்தில், சப்பை மூக்குப் பக் எப்படி மூச்சுவிடும்? ஹஸ்கியின் இரட்டை மயிரோ பனிக்காக அமைந்தது. அழகுக்காக அந்த உயிரை இங்கே கொண்டுவருவது வதை என்றே நான் சொல்வேன்.

பக்கத்து வீட்டு ஊர்நாய் ஈன்றிருந்தால், தாய் உங்கள் கண்முன்னேயே நிற்கிறாள். எட்டு வாரம் பொறுத்துக் குட்டியை வாங்குங்கள். விசர்நாய்க்கடி ஊசி உள்ளிட்ட தடுப்பூசிகளை எப்போது போடுவது என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். குட்டிக்கென்று எடுத்துவைத்த காசில், தாயின் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அந்த வீட்டாருக்கு உதவுங்கள்.