எம்ஸ் தந்தியும் 1870ஆம் ஆண்டுப் போரும்

1870ஆம் ஆண்டிலே பிரான்சுக்கும் பிரசியாவுக்குமிடையே மூண்ட போருக்குப் பிஸ்மார்க் திருத்தி வெளியிட்ட தந்தியொன்றே காரணமெனப் பாடநூல்கள் பல கூறும். அவ்வாண்டு யூலை 12, 13ஆந் திகதிகளின் நிகழ்ச்சிகளோடு சேர்த்து நோக்கின் இக்கூற்றுப் போதாதென்பது புலனாகும்.

இசபெல்லா அரசி 1868இல் முடியிழந்தபின், வறிதாயிருந்த ஸ்பானிய அரியணைக்குப் பிரசிய அரசகுலத்தின் கிளையொன்றைச் சேர்ந்த இளவரசர் லியோபோல்ட் அழைக்கப்பட்டார். இதனை மறைவில் ஊக்கியவர் பிஸ்மார்க்கே என்பதில் ஐயமில்லை. கிழக்கிலும் தெற்கிலும் ஒரே குலத்தவர் ஆள்வதைப் பிரான்ஸ் பொறுக்கவில்லை. அதன் தூதுவர் பெனடெற்றி, எம்ஸ் நகரில் ஓய்விலிருந்த பிரசிய மன்னர் வில்லியத்திடம் முறையிட்டார். 12ஆந் திகதி லியோபோல்டின் தந்தை, மகன் சார்பில் விலகலை அறிவித்தார். பிணக்கு அன்றே தீர்ந்தது. அதுவும் பிரான்சுக்கு வெற்றியாகவே தீர்ந்தது.

ஆயின் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் கிரமொன் அதனோடு அமையவில்லை. இத்தகைய அழைப்புக்கு இனி ஒருபோதும் இசைவதில்லையென மன்னரே உறுதி கூறவேண்டுமென்றார். மறுநாட் காலை உலாவிடத்தில் தூதுவர் இதனை வற்புறுத்த, மன்னர் மறுத்தார். பின்னர், விலகலை உறுதிப்படுத்தும் செய்தி தமக்குக் கிட்டிற்றென்றும், மேலும் கூறுவதற்கு யாதுமில்லையென்றும் தம் அணுக்கப் படையதிகாரி மூலம் சொல்லியனுப்பினார். 14ஆந் திகதி புகையிரத நிலையத்தில் இருவரும் மரியாதையுடனேயே விடைபெற்றனர்.

பேர்லினில் மோல்ற்கே, ரோன் ஆகியோருடன் உணவருந்திய பிஸ்மார்க்கிடம் இவ்விவரம் தந்தியாய் வந்தது. அவர் பொய் எதனையும் சேர்த்தாரல்லர். உறுதிச்செய்தி கிட்டிற்று என்னும் காரணத்தையே நீக்கினார். உறுதி கேட்ட தூதுவரை மன்னர் மீண்டும் காண மறுத்தார் என்பதே எஞ்சியது. மொழிபெயர்ப்பும் தன் பங்கைச் செய்தது. ஜேர்மன் மொழியில் உயர்நிலைத் துணையதிகாரியைக் குறித்த 'அட்ஜுற்றன்ற்' என்னுஞ் சொல், பிரெஞ்சில் ஆணைபெறாக் கீழ்நிலைப் படையாளைக் குறிக்கும். பாரிஸ் பத்திரிகைகளில் அச்சொல் மாற்றமின்றியே வெளிவந்தது.

கேட்டது கிடைத்தபின் மானத்தின் பேரிற் போரிடுவது தகாதென 15ஆந் திகதி சட்டசபையிலே தியே வாதாடினார்; கூச்சலில் அவர் குரல் எடுபடவில்லை. 19ஆந் திகதி போர்ப்பிரகடனம் கையளிக்கப்பட்டது. செப்டெம்பர் 2இல் மூன்றாம் நெப்போலியனின் படை செடானிற் சரணடைந்தது. 1871 மே மாதத்துப் பிராங்பேட் உடன்படிக்கையாற் பிரான்ஸ் அல்சாசையும் லொறெயினின் ஒரு பகுதியையும் இழந்து, 500 கோடி பிராங்கு இழப்பீடு இறுக்கவும் நேர்ந்தது.

திருத்தப்படாத தந்தியை 1892இல் ஜேர்மனியத் தலைமையமைச்சர் கப்பிறிவி பாராளுமன்றத்திற் படித்துக்காட்டினார். அதிலும் மன்னரின் மறுப்பு இருந்தது; அம்மறுப்பை வருவித்த கோரிக்கையோ பாரிசிலிருந்து சென்றதாகும்.