லயன்களும் அறிவார்ந்த கட்டடங்களும்

பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து உறையும் வாழ்க்கை இக்காலத்துக்கே உரியதென எண்ணுவோர் உளர். கொழும்பு மாநகரிலே வானளாவ எழுந்து நிற்கும் தொடர்மாடிகளைக் கண்டோர்க்கு அவ்வெண்ணம் எழுதல் இயல்பே. ஆயின் யட்டியாந்தோட்டையிலிருந்து மேலேறும் தோட்டப் பாதைகளிலே நடப்போர், நூறாண்டுகளுக்கு மேலாக அத்தகைய கூட்டு உறையுளிலேயே வாழ்ந்துவரும் மக்களைக் காண்பர். இறப்பரும் தேயிலையும் விளையும் சரிவுகளில் நிற்கும் லயன்களே அவை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாய காம்பரா ஒன்று, அதன்முன் ஓர் இஸ்தோப்பு, அயலார் அனைவர்க்கும் பொதுவாய ஒரு பீலி என்பனவே பழைய லயன் வாழ்வின் எல்லை. தொடர்மாடி மேல்நோக்கி அடுக்கப்பட்டது. லயன் பக்கவாட்டில் நீட்டப்பட்டது. வேற்றுமை பணத்திலும் வசதியிலும் உள்ளதேயன்றிக் கூடி வாழும் இயல்பில் இல்லை.

இக்காலத் தொடர்மாடிகளிலே ‘அறிவார்ந்த கட்டடம்’ என்னும் முறை பரவிவருகின்றது. கட்டடத்துக்கு அறிவு உண்டாவது எங்ஙனம்? இம்முறையின் உறுப்புகள் மூன்று. வெப்பம், புகை, நீர்மட்டம், அசைவு முதலியவற்றை அறிவது உணரி. அவ்வறிவைப் பெற்றுச் செய்யவேண்டியதைத் தீர்மானிப்பது கட்டுப்பாட்டுக் கருவி. தீர்மானித்ததை நிறைவேற்றுவது மின்விசை, வால்வு, மணி போன்றதொரு செயலி. இதன் தொடக்கம் மிக எளியது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ஆசிரியரான வாரன் ஜோன்சன் என்பார், வகுப்பறையின் குளிரையும் வெம்மையும் அறிந்து, நிலவறையிலே உலையைக் காப்பவனுக்கு மணியடித்து உணர்த்தும் மின்கருவியொன்றை அமைத்து, 1883இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அக்கருவி உலையைத் தானே திருத்தவில்லை; திருத்தவேண்டியவனை எழுப்பியது. மணியோசை கேட்டு எழுவதற்கு ஒருவன் இல்லையேல் வகுப்பறை குளிர்ந்தே கிடந்திருக்கும். இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

சிங்கப்பூரிலே இம்முறை பொதுமக்கள் குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டது. அங்கே 1960இல் நிறுவப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் மக்களுள் முக்காற்பங்கினர்க்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர்; தமிழரும் அவருள் அடங்குவர். யூஹ்வா என்னும் குடியிருப்பிலே முதியோரின் நடமாட்டத்தை உணரிகளால் அறிந்து, வழக்கத்துக்கு மாறாக அசைவு இல்லாதபோது உறவினர்க்கு அறிவிக்கும் முறை சோதிக்கப்பட்டது. ஒரு கருவியின் செலவைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளல் இயலும் என்பதே கூட்டுக் குடியிருப்பின் பெரும் நன்மை. அந்நன்மை லயனுக்கும் உண்டு.

அவ்வாறாயின் லயனுக்கு வேண்டிய அறிவு யாது? திரைச்சீலை தானே விலகுவதும், கைத்தொலைபேசியால் விளக்கேற்றுவதும் அன்று. பழைய மின்கம்பிகளால் எழும் தீ ஓர் இடர். பழைய லயன்கள் சிலவற்றில் இடைச்சுவர் கூரைவரை எழும்புவதில்லையாதலின், ஒரு காம்பராவிற் பற்றிய தீ கூரைவழியே மற்றவற்றுக்குத் தாவும். இதற்குப் புகையுணரிகள் சிலவும், மின்கசிவு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் போதும். பெரிய இடரோ லயனுக்கு உள்ளே இல்லை. அதற்கு மேலேயுள்ள மலைச்சரிவில் இருக்கின்றது.

யட்டியாந்தோட்டைக்கு அணித்தாகவுள்ள புளத்கொகுபிட்டியவில், 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், தோட்ட லயன்களின்மீது மலை சரிந்து பலர் உயிரிழந்தனர். அதே நாளில் அதே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் நேர்ந்த மண்சரிவிலே நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். தென்மேற்குப் பருவக்காற்றை நேர்நின்று எதிர்கொள்ளும் சரிவுகள் இவை. மழைநீர் மண்ணின் நுண்துளைகளில் நிறைந்து அழுத்தம் மிகும்போது, மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் பிடி தளர்கின்றது. மேலே மண்ணின் பாரமோ நீரால் மேலும் கூடுகின்றது. இவ்விரண்டும் சேர்ந்தே சரிவை நகர்த்துகின்றன.

மழையின் அளவுகொண்டே இவ்விடரை ஓரளவு முன்னறியலாம். 1984இல் தோன்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளை வகுத்துள்ளது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்புடன் இருத்தல். 100 மில்லிமீற்றரை எட்டின் வெளியேற ஆயத்தமாதல். 150 மில்லிமீற்றரை எட்டினும், ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்யினும் வெளியேறுதல். தானியங்கி மழைமானியினுள்ளே ஊஞ்சற்பலகைபோல் இரு சிறு கிண்ணங்கள் உள. ஒன்று நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்ட, மற்றையது மேலெழும். ஒவ்வொரு சாய்வும் ஒரு மின்துடிப்பாய்ப் பதிவாகித் தொலைபேசி அலைகளின்வழி தலைமையகத்தை அடையும். இத்தகைய கருவி இல்லாத தோட்டத்திலும் அளத்தல் அரிதன்று. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரமொன்றைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையின் அளவாகும். வாய் அகன்ற வாளி இதற்கு உதவாது. அது உள்ளதினும் மிகுத்துக் காட்டும். இவையன்றி, நிலத்துள் நீரழுத்தத்தை அளக்கும் கருவியும், வெடிப்பின் இருமருங்கிலும் கம்பி கட்டி அது விரிவதைக் காட்டும் கருவியும் உள.

கேரளத்து மூணாறிலே அமிர்தா பல்கலைக்கழகத்தார், நிலத்துள் உணரிகளைப் புதைத்து, அவற்றைக் கம்பியின்றி இணைத்து, 2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் முன்னெச்சரிக்கையும் விடுத்தனர். அவ்வூர்த் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழரே பெரும்பாலும் உழைக்கின்றனர். ஆயின் உணரி தான் நிற்கும் சரிவையே அறியும். 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாறைச் சார்ந்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயன்களை மூடியது, எழுபதின்மர் மடிந்தனர். மின்சாரமும் தொலைபேசியும் முன்னரே அற்றுப்போயிருந்தமையால், செய்தி வெளியுலகுக்கு எட்டும்போது பொழுது விடிந்துவிட்டது. தொடர்மாடியிலே மின்சாரம் நின்றால் மின்தூக்கி நிற்கும். மலையிலே நின்றால் எச்சரிக்கையே நின்றுவிடும். ஆகவே லயனில் அமைக்கப்படும் கருவி சூரிய ஒளியாற் சேமித்த மின்கலத்தில் இயங்கவும், தொலைபேசிக் கோபுரம் வீழ்ந்தாலும் அவ்விடத்திலேயே சங்கு ஊதவும் வல்லதாதல் வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலையிலே பிரட்டுக்கு அழைக்கத் தப்படித்தனர். அவ்வோசைக்கு எழாத காம்பரா இல்லை. துரையின் வேலைக்கு எழுப்பிய முறை உயிர்காக்க எழுப்பவும் உதவுமன்றோ?

எழுப்பிய பின்னர் நிகழவேண்டியதே கடினமானது. பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையைச் சார்ந்த மீரியபெத்தவில், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, லயன்கள் மண்ணுள் மறைந்தன. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர்தப்பினர். திரும்பிவந்தபோது பெற்றோரை இழந்தோர் அவருட் பலர். அவ்விடம் தகாதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, செல்லுதற்கு வேறிடம் இருக்கவில்லை. நாட்சம்பளத்தையும், சேர்த்த பொருளையும், கட்டிய மாட்டையும் விட்டு நள்ளிரவில் மழையில் இறங்குவது எளிதன்று. இருமுறை வெளியேறி, இருமுறையும் மலை சரியாதிருப்பின், மூன்றாம் முறை எழும் சங்கொலி பொய்யென்றே தோன்றும். அவ்வாறு எண்ணுவோரைக் குறைகூறுதல் நேர்மையன்று. இரவைக் கழிக்க ஒரு மண்டபமும், அங்கே செல்லும் வழியில் மின்கல விளக்கும், இழந்த நாளுக்குரிய கூலியும் உறுதியாயிருப்பின் மூன்றாம் முறையும் அவர் எழுவர். மழைமானிக்குச் செலவிடுவோர் இவற்றையும் அக்கருவியின் உறுப்புகளாகவே கணக்கிடுதல் தகும்.

லயன்களுக்கு மாற்றாகத் தனிவீடு அமைக்கும் திட்டங்கள் இந்திய அரசின் உதவியோடு நடைபெற்றுவருகின்றன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மேலும் பதினாயிரம் வீடுகளை அறிவித்தார். இவ்வீடுகள் எழும் நிலம் மண்சரிவுக்கு இடமாகாததா என்பதே முதலில் ஆராயப்படுவது. தனிவீடுகள் சரிவெங்கும் பரந்து நிற்குமாதலின், ஒரு கூரைக்கு ஒரு சங்கு என்னும் கணக்கு அங்கே செல்லாது. எத்தனை வீடுகளுக்கு ஒரு சங்கு, அதன் ஒலி எந்த மடுவரை எட்டும், மழைமானியைப் பார்க்கும் பொறுப்பு எவருடையது என்பன ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியே புதிதாகக் கணக்கிடப்படவேண்டியனவாகும்.