ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்கும்போது

சிமென்ட்டோடு பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம் ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கலந்து செய்வதே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உடைத்தாலோ அறுத்தாலோ துளையிட்டாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். அவை உண்டாக்கும் புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று இருமல் இல்லை என்று நிம்மதி அடைய முடியாது.

பிரிக்கும் வேலையில் தண்ணீரே முதல் கருவி. சிறிது சோப்பு கலந்த நீரை மெல்லிய தூறலாகத் தெளித்து, ஷீட்டை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மேற்பரப்பு அரிக்கப்பட்டு நார் தெறிக்கும். போல்ட் துருப்பிடித்திருந்தால் ஷீட்டைச் சுத்தியலால் உடைத்து எடுப்பது மிகக் கெட்ட வழக்கம். போல்ட்டைத்தான் வெட்ட வேண்டும். பழைய ஷீட் சட்டென முறியும் என்பதால் அதன்மேல் ஏறி நிற்கவே கூடாது. மேலிருந்து எறியாமல், முழுதாகக் கைமாற்றி இறக்க வேண்டும். துணி முகமூடி போதாது. நுண்துகளைத் தடுத்து முகத்தோடு இறுகப் பொருந்தும் சுவாசக் கவசம் தேவை.

தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்தத் துணியையும் ஷீட்டுகளையும் கனமான பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றாகப் பொதிந்து, எச்சரிக்கை எழுதி, அபாயக் கழிவைப் புதைக்க அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். பள்ளம் நிரப்பவோ கோழிக்கூட்டுக்கோ துண்டுகளைக் கொடுக்கக் கூடாது.