இணைய முகவரியின் உறுப்பிலக்கணம்

பகுபதத்தைப் பகுதி, விகுதி முதலாய ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காணும் முறையினை நன்னூல் நமக்குக் கற்பித்துள்ளது. இணைய முகவரியும் அவ்வாறு பகுத்துணரத்தக்கதே. 2005இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3986 என்னும் நியமம் அதற்கு ஐந்து உறுப்புகளை வகுக்கின்றது. விளக்கத்தின் பொருட்டு ஒரு முகவரியினைப் புனைந்துகொள்வோம்:

எச்ரிரிபிஎஸ்://வாசிகசாலை.இலங்கை/கிளிநொச்சி/கண்டாவளை?ஆண்டு=1984#முன்னுரை

முக்காற்புள்ளிக்கு முன் நிற்பது நெறிமுறை. நாம் தமிழில் எழுதியுள்ளோமாயினும் இவ்வுறுப்பு உரோம எழுத்திலேயே அமைதல் வேண்டும். இரட்டைச் சாய்கோட்டினை அடுத்து வருவது தளப்பெயர். அதன்பின் பாதை, வினாக்குறியின் பின் வினவல், இறுதியில் பக்கத்தின் உட்பகுதி. தளப்பெயர், தபால் முகவரி போன்று, சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்கின்றது. பாதையோ மாவட்டத்திலிருந்து பிரதேசத்துக்கு இறங்குகின்றது.

இனி, கணினி 'கண்டாவளை'யை எங்ஙனம் காண்கின்றது என்பதை நோக்குவோம். நமக்கு இச்சொல் ஐந்தெழுத்து. யூனிகோட் முறையிலோ புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் எட்டுக் குறியீடுகள். அவை 24 பைற்றுகளாகின்றன. பாதையில் விழுக்காட்டுக் குறியிட்டு எழுதுங்கால் 72 உருக்களாக நீள்கின்றன. பைதன் மொழியின் வடிவப் பொருத்த வசதியில் 'சொல்லெழுத்து' என்னும் வகையினுள் புள்ளியும் உயிர்க்குறிகளும் அடங்கா. அதனைக் கொண்டு இப்பெயரைத் தேர்ந்தெடுத்தால் 'கண', 'ட', 'வள' என்னும் மூன்று துண்டங்களே எஞ்சும். ஒரு பிரதேசத்தின் ஆவணங்கள் இத்துண்டங்களின் கீழ்ப் பதிவாகுமாயின், அதன் பெயரால் தேடும் கண்டாவளை வாசகருக்கு அவை இல்லாதவையே.

இதனை நிரலாளர் ஒருவரின் கவனக்குறைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கருவி, தன்னை ஆக்கிய சமூகத்தின் தேவைகளைத் தாங்கியே பிறக்கின்றது. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி நியமம் ஆங்கில எழுத்தையே எழுத்தெனக் கொண்டது. தளப்பெயர்களும் அவ்வெல்லைக்குள் அமைந்தன. 2003இல் வந்த பியூனிகோட் முறை பிறமொழிப் பெயர்களுக்கு வழிதிறந்தது, 2010இல் '.இலங்கை' ஒப்புதல் பெற்றது. எனினும் தமிழ்த் தளப்பெயர் இன்றும் உரோம உருவில் மாற்றப்பட்டே வலையமைப்பினுள் செல்கின்றது.

ஆகவே செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, தாமே வகுக்கும் வெட்டுவிதிகளை விடுத்து, நிரல்மொழியோடு வரும் முகவரிப் பிரிப்பு நூலகத்தைப் பயன்படுத்துதல். இரண்டாவது, உறுப்புகளைப் பிரித்த பின்னரே விழுக்காட்டுக் குறிகளை நீக்குதல். முன்னரே நீக்கின், பெயரினுள் மறைந்துள்ள சாய்கோடு பிரிப்புக்குறியாகிவிடும். மூன்றாவது, எந்நிரலையும் தமிழ்ப் பெயர்களைக் கொண்டு சோதித்தல். நம் ஊர்ப்பெயர்களை முழுமையாக வாசிக்கும் கருவியை நாமே கோரிப் பெறுதல் வேண்டும்.