புள்ளியில் தடுக்கும் நிரல்

இலங்கையில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கும் மாணவர்கள் பைதன் படிக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் வீட்டில் விண்டோஸ் மடிக்கணினியில் பழகியிருப்பார். பல்கலைக்கழகத்திலோ வேலையிடத்திலோ லினக்ஸ் வந்து வாய்க்கலாம். படித்ததை மறுபடி படிக்க வேண்டுமா?

வேண்டாம். 1991இல் கீடோ வான் ரோசம் வெளியிட்ட பைதன், ஒவ்வொரு பணிசெயல் முறைமைக்கும் தனித்தனியாகக் கட்டித் தரப்படும் மென்பொருள். நம்முடைய நிரலை வாசித்து இயக்குவது அதுதான். ஆகவே நிபந்தனை, சுற்று, கணக்கு எல்லாம் எங்கும் ஒன்றே. ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு ஆறு எழுத்து. துணைக்கால்களையும் புள்ளிகளையும் தனியே எண்ணும் பைதனுக்கு 11. விண்டோஸிலும் 11, லினக்ஸிலும் 11.

சிக்கல் தொடங்குவது கோப்பைத் தொடும்போது. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறினால் விண்டோஸ் பொருட்படுத்தாது. லினக்ஸ் அவற்றை இரண்டு கோப்புகளாகவே பார்க்கும். தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு பொறியும் உண்டு. லினக்ஸில் பொதுவான யூடிஎஃப்-8 குறிமுறையில் புள்ளி 224, 175, 141 என மூன்று பைட்டாகப் பதிவாகும். ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸிலோ, குறிமுறையைச் சொல்லாவிட்டால், 3.14 வரையான பைதன் கோப்பைப் பழைய 1252 எழுத்து அட்டவணைப்படி வாசிக்கும். அந்த அட்டவணையில் 141க்கு எழுத்தே இல்லை. கோப்பிலுள்ள ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லில் ‘யா’வைத் தாண்டிய நிரல் ‘ழ்’இன் புள்ளியில் பிழை காட்டி நின்றுவிடும்.

பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு இப்படி நிற்காது. அதிலிருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். தமிழ் உருவம் எழுத்துரு போர்த்தியது மட்டுமே. அதில் தமிழ்ச் சொல்லைத் தேடச் சொன்னால் பைதனுக்கு எதுவும் அகப்படாது.

தீர்வு சிறியது. தமிழை யூனிகோடில் தட்டுங்கள். கோப்பைத் திறக்கும் வரியிலேயே குறிமுறை யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். 3.15இலிருந்து அதையே இயல்பாக்குவது என்று பைதனை உருவாக்குவோர் முடிவெடுத்திருக்கிறார்கள். ஆனால் பாடசாலைக் கணினிகளில் பழைய பதிப்புகள் இன்னும் பல காலம் இருக்கும். ஆகவே பயிற்சி நிரல் ஒன்றை முடித்ததும், தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்போடு அதை இரண்டு முறைமைகளிலும் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.